மஞ்சள் ஓடிய கல்

வைரக்காவுக்குக் கடையில் உட்கார நாற்காலி கிடையாது. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம், வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள். இந்தப் பக்கம், விற்கிறவர்களுக்குக் கால் வலிக்காமல் இருக்க ஒரு ரப்பர் விரிப்பு. வலிக்காமலா இருக்கும்? அந்த விரிப்பைக் கண்டுபிடித்த புண்ணியவான் அதன்மேல் ஒருநாள் முழுக்க நின்று பார்த்திருக்க மாட்டான். மதியத்துக்குள் கணுக்கால் வீங்கிவிடும். சாயங்காலத்துக்குள் கைவிரல்களும் சேர்ந்து வீங்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வைரப் பகுதியில் நிற்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது.

அந்த வாரம் முழுக்க வானம் மூடியே கிடந்தது. தூறல் விழும், நிற்கும், மறுபடி விழும். வருகிறவர்கள் எல்லாம் குடையிலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டு வந்தார்கள். அன்று வந்தது ஒரு இளம் ஜோடி, நிச்சயத்துக்கு மோதிரம் பார்க்க.

"முதல்ல எதுல வைக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. கல்லு அப்புறம்" என்றாள் வைரக்கா.

"வைரம்னா வைரம்தானே. எதுல வெச்சா என்ன?" என்றான் பையன்.

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை பாதி தேய்ந்திருந்தது. வெள்ளைத் தாளை மடித்து, இடுக்கியால் ரெண்டு கல்லை எடுத்து, முகத்தைக் கீழே கவிழ்த்து வைத்தாள்.

"நிமிர்த்தி வெச்சா எல்லாம் மின்னும், கண்ணைக் கட்டிடும். கவுத்து வெச்சுத்தான் நிறம் பார்க்கணும். இப்பச் சொல்லுங்க."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "இது மட்டும் கொஞ்சம் டீத்தண்ணி கலந்த மாதிரி இருக்கு."

"அவ்வளவுதான் விஷயம். இதைத் தனியா காட்டியிருந்தா வெள்ளைன்னுதான் சொல்லியிருப்பீங்க. பக்கத்துல இன்னொண்ணு இருந்தாத்தான் தெரியும். மஞ்சள் ஓடுற கல்லுன்னா மஞ்சத் தங்கத்துல வைங்க. தங்கத்தோட மஞ்சள்ல அது மறைஞ்சுடும். பிளாட்டினம், வெள்ளைத் தங்கம்னு போனீங்கன்னா கல்லும் நல்ல வெள்ளையா இருக்கணும். இல்லேன்னா காட்டிக் கொடுத்துடும்."

பெண்ணின் பார்வை வைரக்காவின் கைக்குப் போனது. "உங்களுது அழகா இருக்குக்கா. வெள்ளைக் கல்லா?"

"ஆமாம்மா" என்றாள் வைரக்கா. இதுவும் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான்.

வெள்ளையாவது ஒன்றாவது. அவள் விரலில் இருந்த கல்லில் நன்றாகவே மஞ்சள் ஓடியது. மஞ்சள் தங்கத்தில், நாலு கொக்கிக்குள் உட்கார்ந்து இத்தனை காலம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கொடுத்தவர் அவள் புருஷன். அதே கடையின் மாடியில் கல் பதிக்கிறவர். அவரே வந்து கல்யாணத்துக்குக் கேட்டபோது, "வெள்ளையில இதுக்கு மேல வெள்ளை கிடையாது" என்று சொல்லித்தான் மோதிரத்தைக் கொடுத்தார். கல்யாணம் ஆன புதிதில் ஒரு சாப்பாட்டு இடைவேளையில், சும்மா ஒரு ஆசைக்கு, அதைக் கழற்றி, நிறம் ஒத்துப் பார்க்கக் கடையில் வைத்திருந்த மாதிரிக் கற்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கல் மஞ்சளாக இருந்ததற்கு இல்லை. நாளெல்லாம் கல்லோடு கிடக்கிற மனுஷனுக்கு இது தெரியாதா, தெரிந்தேதானே அளந்துவிட்டிருக்கிறார் என்றுதான். கேட்டே தீர்வது என்று வீட்டுக்குப் போனாள். அவர் அவளுக்காக டீயை ஆற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை. அன்று கேட்காதவள் பிறகு எங்கே கேட்பது? ஆனால் சண்டை வரும்போதெல்லாம், "நான் உண்மையைத்தான் பேசுவேன்" என்று அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம், மனசுக்குள் 'அடேயப்பா, பெரிய யோக்கியர்' என்று நினைத்துக்கொள்வாள். மன்னித்துவிட்டோம் என்கிற நினைப்பில் ஒரு சுகமும் இருந்தது. அதைச் சுமக்கிற அலுப்பும் இருந்தது.

இப்போது அந்தக் கல்லுக்கு வந்திருந்தது சோதனை.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒரே மகன், தனக்கு நிச்சயமாகப் போகிற பெண்ணுக்கு அம்மாவின் கல்லைத்தான் வைத்து மோதிரம் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்தப் பெண்ணுக்கும் அதில்தான் ஆசை. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் பூசி மெழுகிவிடலாம். இவள் செயற்கைப் பல் செய்கிறவள். பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொருத்தர் பல்லுக்கும் நிறம் ஒத்துப் பார்த்துச் செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. வைரக்கா அவளை மனசுக்குள் பல்லுக்காரி என்றுதான் கூப்பிடுவாள். போதாக்குறைக்கு, பல்லுக்காரிக்கு மஞ்சள் தங்கமே பிடிக்காது. வெள்ளைதான் வேண்டும்.

வெள்ளையில் வைத்தால் குட்டு உடையும். மகன் முன்னால், நாளைக்கு மருமகளாக வரப்போகிறவள் முன்னால், அந்த மனுஷன் தலைகுனிந்து நிற்க வேண்டிவரும். அதை நினைத்தால் வைரக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் பல்லுக்காரி கடைக்கே வந்தாள். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். "நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு தெரியும் அத்தை" என்று மேசைமேல் வைத்தாள். முட்டை வைத்த ரொட்டி. வைரக்கா சரக்கு அறைக்குள் அவளைக் கூட்டிப்போய், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல் தடவையாகக் கால் தரையை விட்டு ஓய்வெடுத்தது.

"மஞ்சத் தங்கத்தை ஒரு தரம் போட்டுத்தான் பாரேன்" என்று மோதிரத் தட்டை நீட்டினாள்.

பல்லுக்காரி மரியாதைக்குப் போட்டுப் பார்த்தாள். "இல்ல அத்தை. யாரோடயோ கையைக் கடன் வாங்கின மாதிரி இருக்கு."

"நாள் முழுக்கக் கையுறை மாட்டிக் கழட்டற வேலை உனக்கு. வெள்ளையில கொக்கியைத் தூக்கி வெச்சா மாட்டிக் கிழிக்கும். இதுல பாரு, வழுவழுன்னு இருக்கும்."

"வெள்ளையிலயும் கொக்கி இல்லாம விளிம்பு கட்டலாம்னு மாமா சொன்னாரே."

"மாமா சொல்லுவார். அவருக்கென்ன." வைரக்கா ரொட்டியை மென்றாள். "அப்ப ஒண்ணு செய்யலாம். இங்க புதுக் கல்லு நல்லதா வந்திருக்கு. நானே பொறுக்கித் தரேன். என் பழசு எதுக்கு உனக்கு?"

பல்லுக்காரி சிரித்தாள். "உங்க மகன் முதல் நாள் என்கிட்ட என்ன பேசினார் தெரியுமா? லிஃப்ட் கயிறு எத்தனை வகைன்னு. தூக்கமே வந்துடுச்சு. அப்புறம்தான் சொன்னார், எங்கப்பா எங்கம்மாவுக்காக மழையில அலைஞ்சு ஒரு கல்லு வாங்கினார்னு. அப்பத்தான் சரி, இந்தக் குடும்பத்துக்குள்ள போகலாம்னு தோணிச்சு. எனக்கு அதுதான் வேணும் அத்தை."

பல்லுக்காரி, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைக்க ரெண்டு பொடிக் கல் வேண்டும் என்றும் கேட்டாள். வைரக்கா எடுத்துக் கொடுத்தாள். கடையின் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே, நல்ல வெள்ளையாகத்தான் எடுத்தாள்.

வீட்டில் ஜன்னலோரம் புருஷனின் வேலைப் பலகை. முட்டி வலி வந்ததிலிருந்து மாடி ஏற முடியாமல், கடை வேலையை வீட்டுக்கே வரவழைத்துச் செய்துகொண்டிருந்தார். அவள் உள்ளே நுழையும்போது அவருடைய பழைய கூட்டாளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கடையில் நகைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ஆள். உயரத்தைப் பார்த்து நெட்டை என்று கூப்பிடுவார்கள். நெட்டை வராத சாயங்காலம் அந்த வீட்டில் அபூர்வம்.

"வாம்மா. உன் வீட்டுக்காரன் இன்னும் அந்த மோதிரத்தை வெட்டலையாமே" என்றார் நெட்டை.

வெட்டித்தான் எடுக்க வேண்டும். மோதிரம் விரல் மூட்டைத் தாண்டிக் கழன்று வந்து பல வருஷம் ஆகிவிட்டது. சோப்பு, எண்ணெய், நூல் சுற்றுவது எல்லாம் பார்த்தாகிவிட்டது.

"செய்யலாம் செய்யலாம்" என்றார் புருஷன், தலையைத் தூக்காமல்.

"இதையேதான் போன வாரமும் சொன்னே மாப்ளே. உன் மகன் பிள்ளை பெத்த பிறகுதான் மோதிரம் வரும் போல."

"வெளிச்சம் சரியில்லடா. மழை விடட்டும்."

"வெளிச்சம் சரியில்லாமத்தான் மத்த வேலையெல்லாம் நடக்குதா?"

புருஷன் மென்று விழுங்கினார். "பிளாட்டினம் லேசுப்பட்ட வேலை இல்ல. அடுத்த வாரம் பார்ப்போம்."

வைரக்கா செருப்பைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எப்படித் தட்டிக் கழிக்கிறார் பார் என்று நினைத்தாள். பாவமாக இருந்தது. மனுஷன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார். நெட்டை போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"வெள்ளையே வேண்டாம்னு நீங்க கண்டிப்பா சொல்லிடுங்களேன். செய்யறவர் சொன்னா அவ கேப்பா."

"ஏன் சொல்லணும்? சின்னப்பொண்ணு ஆசைப்படுது. வெள்ளைக் கல்லு வெள்ளையில இருந்தா நல்லாத்தானே இருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் இங்கே இவருக்காக நாலு நாளாகச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு திரிகிறேன், இவர் என்னிடமே இன்னும் வெள்ளை வெள்ளை என்கிறாரே.

"அப்ப வெட்ட வேண்டியதுதானே. எதுக்கு இழுத்தடிக்கறீங்க?"

அவர் பலகை விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகனும் பல்லுக்காரியும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இனித் தப்ப வழியில்லை. தூறல் நின்றிருந்தது. மூடாப்பு வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பலகைமேல் சமமாக விழுந்தது. நிறம் பார்க்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வைரக்கா அந்த வெளிச்சத்தைச் சபித்தபடி கையை நீட்டினாள்.

அவர் மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்தார். கம்பி வாளை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"என்னப்பா, ஆபரேஷனா நடக்குது?" என்றான் மகன்.

"பேசாம இருடா. இதுக்குத்தான் இத்தனை நாள் தள்ளிக்கிட்டு இருந்தேன்." அவர் லென்ஸைக் கண்ணில் இறக்கிக்கொண்டார். "உங்கம்மா விரல்ல வாள் வைக்க எனக்கு மனசு வரல. போதுமா?"

வைரக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

வாள் மெதுவாக அறுத்தது. தங்கப் பொடி கீழே விரித்திருந்த தோல் துண்டில் விழுந்தது. மோதிரத்தை விரித்து எடுத்ததும், விரலில் அது இருந்த இடம் வெளுத்துக் குழிந்து கிடந்தது. பல்லுக்காரி அந்த இடத்தைத் தன் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள். அவர் கொக்கிகளை விலக்கிக் கல்லை எடுத்துத் துடைத்தார். வெள்ளைத் தாளை மடித்து, புதிதாக வந்த ரெண்டு பொடிக் கற்களைக் கவிழ்த்து வைத்தார். நடுவில் அந்தக் கல்லை வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

பல்லுக்காரி பார்த்துவிட்டாள். பார்த்த உடனே கண்ணை எடுத்து மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரி. மகன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தான். வைரக்கா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அசடு வழியும், ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், நாமும் ஒத்து ஊதிவிடலாம் என்று தயாராக இருந்தாள்.

அவர் தாளை ஜன்னல் பக்கம் திருப்பினார். லென்ஸைத் தூக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். ரெண்டு பொடிக் கற்களையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்.

"இது என் கல்லு இல்ல" என்றார்.

மகன் தாளை எட்டிப் பார்த்தான்.

"நான் வாங்கினது வெள்ளைக் கல்லு. இது மஞ்சள் ஓடுது. மாத்திட்டாங்க." அவர் வைரக்காவிடம் திரும்பினார். "இவன் வயித்துல இருக்கறப்ப உனக்கு விரல் வீங்கிச்சே. நான் அப்ப வெளியூர்ல இருந்தேன். மோதிரத்தை யார் வெட்டி ஒட்டினது? நெட்டைதானே? ரெண்டு நாள் அவன்கிட்டதானே இருந்தது?"

"அப்பா, நெட்டை மாமாவைப் போயி..."

"அவனைத் தவிர வேற யாரு கையிலடா போச்சு? தினம் வந்து என் வீட்டு டீயைக் குடிச்சுக்கிட்டு, வெட்டலையா வெட்டலையான்னு என்னையே கேக்கறான்." சட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். "கேட்டுட்டு வந்துடறேன்."

வைரக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. கீழே கடையில் நிறம் பார்த்துப் பொறுக்கி அனுப்பிய கல்தான், ஒவ்வொன்றாக, மாடியில் பதிக்கிறவர் கைக்கு வரும். அளவு பார்ப்பார், விளிம்பு பார்ப்பார், மஞ்சள் விளக்கின் அடியில் வைத்துக் கொக்கியை அழுத்துவார். நிறம் பார்ப்பது அவர் வேலையே இல்லை. அது கீழே நிற்கிற அவளுடைய வேலை. இது தெரியாதவளா அவள்? தெரிந்திருந்தும் ஒருதரம்கூட அப்படி யோசித்துப் பார்க்கவில்லையே.

"உட்காருங்க" என்றாள்.

"நீ சும்மா இரு."

"உட்காருங்கன்னு சொல்றேன்ல. நெட்டை அண்ணன் ஒண்ணும் மாத்தல. இது அதே கல்லுதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கல்யாணம் ஆன புதுசுலயே மாதிரிக் கல்லோட வெச்சுப் பார்த்தேன். அப்பவே இப்படித்தான் இருந்தது."

அவர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். "மாடிக்கு வந்து போற வியாபாரி ஒருத்தன். மழையில அலைஞ்சு அவன் வீட்டைத் தேடிப் போனப்ப ஒத்தைக் கல்லாத்தான் காட்டினான். வெள்ளையில இதுக்கு மேல வெள்ளை கிடையாதுன்னு அவன்தான் சொன்னான். அதைத்தான் நான் உன்கிட்ட சொன்னேன்." நிறுத்தினார். "அப்பவே தெரியும்னா ஏன் சொல்லல?"

"நீங்க தெரிஞ்சேதான் சொன்னீங்கன்னு நினைச்சேன்."

இதைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் பொய் சொன்னேன்னு நினைச்சே."

"ஆமா."

"இத்தனை வருஷமும் பொய்க்காரன்னு நினைச்சுக்கிட்டேதான் எனக்குச் சோறு போட்டிருக்கே."

"ஆமாங்க." மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. களைப்பாக இருந்தது. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த களைப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

"ஏமாந்தவன்னு நினைச்சிருக்கலாம்ல. ஒரு தரம் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம். கேக்கல. தப்பு என்னோடதுதான்."

மகன் எழுந்திருக்கப் பார்த்தான். பல்லுக்காரி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பொய்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு அதைப் போட்டுக்கிட்டே திரிஞ்சே? கழட்டிப் போட்டிருக்க வேண்டியதுதானே? அப்ப விரல் ஒல்லியாத்தானே இருந்தது" என்றார் அவர்.

வைரக்கா வெளுத்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பொய் சொல்லியாவது என்னைச் சந்தோஷமா வெச்சுக்கணும்னு ஒருத்தருக்குத் தோணிச்சேன்னுதான்."

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. லென்ஸைக் கழற்றித் துடைத்தார்.

பல்லுக்காரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாமா, எனக்கு இந்தக் கல்லு போதும். நான் வாயைத் தெறந்து சொல்லாம யாருக்குத் தெரியப் போகுது? பேப்பர் மாதிரி வெள்ளையா இருக்கற பல்லைப் பார்த்தாத்தான் எனக்குச் சந்தேகமே வரும்."

மகன் சிரித்துவிட்டான். அவர்கூட லேசாகச் சிரித்தார். சிரித்தபடி இடுக்கியை எடுக்கப் போனவரை வைரக்கா தடுத்தாள்.

"இல்லம்மா. உனக்குக் கடையில நானே பார்த்து நல்ல கல்லா எடுத்துத் தரேன். கவுத்து வெச்சு, பக்கத்துல நாலு கல்லை வெச்சுப் பார்த்துத் தரேன். கோவிச்சுக்காத. இது எனக்கு வேணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் போட்டிருந்தாள், வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"கோவமா? உங்க கல்லு அத்தை அது" என்ற பல்லுக்காரி, மகனைக் கிளப்பிக்கொண்டு டீ போடப் போனாள். உள்ளே டப்பாக்கள் உருண்டன. சர்க்கரை எங்கே என்று அவனுக்கும் தெரியவில்லை.

அவர் வெட்டுப்பட்ட பழைய மோதிரத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார். "ஒரு துண்டு சேர்த்து ஒட்டினாப் போதும். பழையபடியே மஞ்சத் தங்கத்துல வெச்சுத் தந்துடறேன்."

"வேண்டாம். வெள்ளையில வைங்க."

"மஞ்சள் பளிச்சுன்னு தெரியுமே."

"தெரியட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த அளவு வளையங்களை எடுத்து, அவள் கையை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். குழிந்த இடத்தை விரலால் தடவினார்.

"இன்னொரு தரம் வெட்டச் சொல்லாத. என்னால முடியாது."

"அப்ப அளவை இப்ப எடுக்காதீங்க" என்றாள். "நாளைக்குக் கடையில நின்னுட்டு வந்த பிறகு எடுங்க. அதுதான் என் விரலோட அளவு."

அவர் சரி என்று வளையங்களை ஆணியில் மாட்டினார். பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை.